வேலை தெரிந்தவருக்கு வகுப்பறையைத் திறங்கள்

பொறியியல் கல்லூரிகளின் விளம்பரங்களில் பாடப்பிரிவுகளுக்கு அடுத்தபடியாக இப்போது கண்ணில் படுவது சான்றிதழ் படிப்புகளின் பட்டியல்தான். ‘ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட்’ அதில் பெரும்பாலும் இடம்பெற்றுவிடுகிறது. கலை, அறிவியல் கல்லூரிகளிலும் பி.காம்., பி.பி.ஏ. மாணவர்களுக்கு அது நடத்தப்படுகிறது. சில சனிக்கிழமைகள் வகுப்பு, கடைசியில் ஒரு கொள்குறித் தேர்வு, கல்லூரி முத்திரையோடு ஒரு சான்றிதழ். பிளேஸ்மெண்ட் செல்லுக்குக் கொடுக்கும் சுயவிவரத்தில் ஒரு வரி கூடுகிறது.

திட்ட மேலாண்மை நமக்கு மிகவும் தேவையான படிப்பு. 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்திய அரசுத் திட்டங்களின் தாமதத்தையும் கூடுதல் செலவையும் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் தொடர்ந்து கண்காணித்து அறிக்கை வெளியிட்டுவருகிறது. அந்த அறிக்கைகளைப் புரட்டினால் ஒரே காரணங்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம்: நிலம் கைக்கு வரவில்லை, வனத் துறை அனுமதி கிடைக்கவில்லை, மின்கம்பத்தையும் குடிநீர்க் குழாயையும் இடம் மாற்றவில்லை, பாதி வழியில் திட்டத்தின் அளவையே மாற்றினார்கள். பெரிய திட்டங்களின் நிலை இது. ஊருக்கு ஊர் நடக்கும் பள்ளிக் கட்டடமும் மேல்நிலைத் தொட்டியும் ஏன் இழுக்கின்றன என்பதற்கு இப்படி ஓர் அறிக்கைகூடக் கிடையாது. ஆகவே, இதைப் படிக்க வேண்டியவர்கள் இன்னும் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள்.

யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதுதான் என் கவலை. எந்த வேலையையும் இதுவரை பொறுப்பேற்று நடத்தியிராத இருபது வயது மாணவரை உட்கார வைத்து முப்பது மணி நேரம் பாடம் நடத்துகிறோம். டிப்ளமோ முடித்துவிட்டுப் பதினைந்து ஆண்டுகளாக சைட் சூப்பர்வைசராக இருப்பவருக்கும், ஃபவுண்டரியில் புரொடக்‌ஷன் இன்சார்ஜாக இருப்பவருக்கும் அந்த வகுப்பில் இடமில்லை. கல்லூரியின் பாடப் பட்டியலில் அவர்கள் யாராகவும் இல்லை.

முப்பது மணி நேரம் என்ற கணக்குக்கு ஒரு காரணம் இருக்கிறது. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் ‘நாக்’ அமைப்பின் அளவுகோல்களில், பாடத்திட்டத்துக்கு மேல் எத்தனை கூடுதல் சான்றிதழ் படிப்புகள் நடத்தப்பட்டன, எத்தனை மாணவர்கள் சேர்ந்தார்கள் என்ற கேள்வி பல ஆண்டுகளாக இருந்துவந்திருக்கிறது. ஒரு படிப்பு கணக்கில் வர வேண்டுமானால் குறைந்தது 30 மணி நேரம் நடந்திருக்க வேண்டும். எனவே 30 மணி நேரத்துக்கே படிப்புகள் தைக்கப்படுகின்றன. வருகைப் பதிவேடும் புகைப்படங்களும் கோப்பில் சேர்கின்றன. ஏற்கெனவே வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டுச் சனிக்கிழமையும் நிற்கும் உதவிப் பேராசிரியர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவரும் ஒரு சைட்டையோ ஒரு மென்பொருள் குழுவையோ நடத்திப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்காதவராகத்தான் பெரும்பாலும் இருக்கிறார்.

பெற்றோரும் மாணவர்களும் இங்கே மூன்று வகைச் சான்றிதழ்களை ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். முதல் வகை, மேலே சொன்ன கல்லூரிச் சான்றிதழ். அந்தக் கல்லூரிக்கு வெளியே அதன் மதிப்பு, அந்தக் கல்லூரியின் பெயருக்கு எவ்வளவோ அவ்வளவுதான். இரண்டாவது, இணையவழியில் கிடைப்பது. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் திட்ட மேலாண்மையும் உண்டு. படிக்கக் கட்டணம் கிடையாது. நேரில் போய் எழுதும் தேர்வுக்கு மட்டும் கட்ட வேண்டும். வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண்ணைப் பிரிக்கிறார்கள். ஒழுங்காகப் படிக்கும் மாணவருக்கு இது நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. கூகுள் 2021-இல் கோர்செரா வழியாகத் தொடங்கிய சான்றிதழும் இந்த வகைதான்.

மூன்றாவது வகை, தொழில்முறைத் தகுதி. அமெரிக்காவில் 1969-இல் தொடங்கப்பட்ட ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு 1984 முதல் வழங்கிவரும் பி.எம்.பி. அது. வேலை விளம்பரங்களில் ‘பி.எம்.பி. விரும்பத்தக்கது’ என்று வருவது இதைத்தான். இதை எந்தக் கல்லூரியும் கொடுக்க முடியாது. நான்காண்டுப் பட்டம் பெற்றவர் 36 மாதங்கள் திட்டங்களை முன்னின்று நடத்தியிருக்க வேண்டும். பட்டம் இல்லாதவர் 60 மாதங்கள். அதுவும் கடந்த எட்டு ஆண்டுகளுக்குள். அதோடு 35 மணி நேரம் முறையான வகுப்பு. அதன் பிறகுதான் தேர்வுக்கே விண்ணப்பிக்க முடியும். தேர்ச்சி பெற்ற பிறகும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, 60 மணி நேரத்துக்கு இணையான தொடர்கல்வியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அனுபவம் இல்லாதவர்களுக்காக அதே அமைப்பு கேப்ம் என்றொரு தகுதியை வைத்திருக்கிறது; பள்ளிப் படிப்பும் 23 மணி நேர வகுப்பும் போதும்.

இந்த எண்களைக் கல்லூரியின் 30 மணி நேரத்தோடு வைத்துப் பாருங்கள். கேப்முக்கு அது போதுமானது. பி.எம்.பி.க்கு ஐந்து மணி நேரம் குறைகிறது. சேரும் மாணவரிடம் இதை யாராவது சொல்கிறார்களா? ‘சர்வதேசத் தரத்தில்’ என்று துண்டறிக்கையில் போட்டால், அது எந்தத் தகுதிக்கு எத்தனை மணி நேரமாகக் கணக்கில் வரும் என்பதையும் அங்கேயே அச்சிட வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்.

ஆனால், இந்த விதிகளில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. பட்டம் இல்லாதவர்களுக்கும் அந்த அமைப்பு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 60 மாதம் என்பது ஐந்து ஆண்டு. பாலிடெக்னிக் முடித்து, ஆட்களையும் சாமான்களையும் காலக்கெடுவையும் பொறுப்பேற்று ஐந்து ஆண்டு வேலையை நடத்திய ஒருவர் பி.எம்.பி. எழுதலாம். அப்படிப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஓசூரில் வாகன உதிரிபாக ஆலைகளில் இருக்கிறார்கள், கோவையில் பம்ப் கம்பெனிகளிலும் ஃபவுண்டரிகளிலும் இருக்கிறார்கள், சென்னையில் 118.9 கிலோமீட்டருக்கு, 63,246 கோடி ரூபாய் மதிப்பில் நடந்துவரும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியின் துணை ஒப்பந்ததாரர்களிடம் இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது அந்த 35 மணி நேரமும், செய்த வேலையை விண்ணப்பத்தில் எழுதிக்காட்டும் மொழியும்தான்.

வேலைகளின் வரிசையையும் காலத்தையும் திட்டமிடும் பெர்ட், சி.பி.எம். முறைகள் பொறியியல் மாணவர்களுக்குப் புதிதல்ல. ‘ஆபரேஷன்ஸ் ரிசர்ச்’ அல்லது ‘ரிசோர்ஸ் மேனேஜ்மெண்ட் டெக்னிக்ஸ்’ தாளில் நிச்சயம் வரும் கணக்கு அது. கேள்வியிலேயே ஓர் அட்டவணை கொடுத்திருப்பார்கள். ஏ என்ற வேலைக்கு நான்கு நாள். பி என்ற வேலை ஏ முடிந்த பிறகு, ஆறு நாள். வலைப்படம் வரைந்து, எந்த வரிசை மிக நீளமாக வருகிறதோ அதைக் கண்டுபிடித்தால் அதுதான் கிரிட்டிக்கல் பாத். அதில் ஒரு நாள் தள்ளினால் மொத்த வேலையும் ஒரு நாள் தள்ளிப்போகும். 1957-இல் டூபாண்ட் நிறுவனம் தன் ரசாயன ஆலைகளின் கட்டுமான, பராமரிப்பு வேலைகளுக்காக ரெமிங்டன் ராண்டுடன் சேர்ந்து உருவாக்கிய சி.பி.எம். முறை இது. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கால மதிப்பீடுகளை வாங்கு, நடுவிலிருப்பதை நான்கால் பெருக்கு, மூன்றையும் கூட்டி ஆறால் வகு. சூத்திரம் அவ்வளவுதான்.

அந்த நான்கு நாளும் ஆறு நாளும் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கேள்வித்தாள் சொல்வதில்லை. வாழ்க்கையில் அதுதான் கடினமான பகுதி. ஆயிரம் சதுர அடி ரூஃபுக்கு சென்ட்ரிங் அடிக்க எத்தனை நாள் ஆகும் என்பது மேஸ்திரிக்குத் தெரியும். கம்பி கட்டுகிறவர்கள் வேறொரு சைட்டில் பாதியில் இருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். தீபாவளி முடிந்த கையோடு சாத் பூஜைக்காகப் பீகார் தொழிலாளர்கள் ரயிலேறிவிடுவார்கள், எல்லோரும் ஒரே நாளில் திரும்ப மாட்டார்கள் என்பது சூப்பர்வைசருக்குத் தெரியும். களிமண் பூமியில் ஐப்பசி மழைக்கு முன் அஸ்திவாரத்தை முடிக்காவிட்டால் தோண்டிய குழியில் தண்ணீர் இறைப்பதே தனி வேலையாகிவிடும் என்பதும் தெரியும். சூத்திரம் தெரிந்த மாணவரிடம் எண்கள் இல்லை. எண்கள் தெரிந்தவரிடம் சூத்திரம் இல்லை. இரண்டு பேரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்க நம் கல்லூரிகளுக்கு ஏன் தோன்றவில்லை?

நம் கண் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் பாம்பன் பாலத்தின் கர்டர்களையும் கடலில் தள்ளியது. சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் குறித்தது. பொது மேலாளர் அதை மூன்று மாதமாகச் சுருக்கினார். பொறுப்பு 32 வயதுப் பொறியாளரான இ. ஸ்ரீதரனிடம் வந்தது. புதிய கர்டர்களைச் செய்து தொலைதூர மாநிலங்களிலிருந்து கொண்டுவருவது என்பதுதான் திட்டம். மொத்தக் காலத்தையும் தீர்மானித்தது அந்த ஒரு வேலை. விழுந்த கர்டர்கள் கடலுக்கடியில் கிடக்கும் இடத்தைப் பற்றிய தகவல் மீனவர்களிடமிருந்து வந்தது. அவற்றையே தூக்கி எடுத்து மறுபடி பொருத்த முடிவெடுத்தார் ஸ்ரீதரன். 46 நாளில் பாலம் தயாரானது. கிரிட்டிக்கல் பாத்தில் இருந்த மிக நீளமான வேலை அப்படியே காணாமல்போனது, அந்தக் கடலை அறிந்தவர்களின் பேச்சை ஒரு பொறியாளர் காதுகொடுத்துக் கேட்டதால். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர் அவர். திட்ட மேலாண்மையைக் கற்பிக்கும் ஒவ்வொரு தமிழ்நாட்டுக் கல்லூரியிலும் முதல் வகுப்பு பாம்பனில் தொடங்கலாம் என்பேன்.

ஸ்ரீதரனிடம் சான்றிதழ் இருந்ததா என்று கேட்டு இந்தப் படிப்பையே ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. அனுபவம் மட்டுமே இருப்பவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம்.

ஒரு பள்ளிக் கட்டடம். மதிப்பீடு 60 லட்சம், காலம் பத்து மாதம், மாதாமாதம் சமமாக வேலை நடக்க வேண்டும். ஐந்து மாதம் முடிந்ததும் கணக்குப் பார்க்கிறார்கள். 30 லட்சம் செலவாகியிருக்கிறது. பாதிக் காலம், பாதிப் பணம். எல்லாம் சரியாகப் போகிறது என்று கணக்காளர் சொல்வார், ஒப்பந்ததாரரும் தலையாட்டுவார். சைட்டில் போய் அளந்து பார்த்தால் முடிந்திருப்பது 40 சதவீத வேலைதான். அதாவது 24 லட்சத்துக்கான வேலையை 30 லட்சம் கொடுத்து வாங்கியிருக்கிறோம். இருபத்துநான்கை முப்பதால் வகுத்தால் 0.8. இதே போக்கில் போனால் மொத்தச் செலவு 60 லட்சத்தை 0.8-ஆல் வகுத்தது, 75 லட்சம். காலமும் பத்து மாதத்திலிருந்து பன்னிரண்டரை மாதமாக நீளும். பதினைந்து லட்சம் துண்டு விழப்போகிறது என்பது ஐந்தாம் மாதமே தெரிந்துவிடுகிறது. ‘ஏர்ன்ட் வேல்யூ’ என்று இதற்குப் பெயர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967-இல் தன் ஒப்பந்ததாரர்களுக்கு விதித்த விதிமுறைகள் வழியாகப் பரவிய முறை. கூட்டல், பெருக்கல், வகுத்தலுக்கு மேல் இதில் எதுவும் இல்லை. ஆனாலும் இருபது ஆண்டு அனுபவம் உள்ள பலருக்கு இது தெரியாது. பில் தொகையைப் பார்க்கிறார்கள், நாள்காட்டியைப் பார்க்கிறார்கள். இரண்டையும் முடிந்த வேலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பத்தாம் மாதம் பணம் தீர்ந்ததும்தான் விழிக்கிறார்கள். அப்போது பாக்கி நிற்பது பெரும்பாலும் கழிப்பறையும் சுற்றுச்சுவருமாக இருக்கும். அந்தப் பள்ளியின் பெண் பிள்ளைகளுக்கு அது எத்தனை ஆண்டு அவதி என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த ஒரு கணக்கை நம் சூப்பர்வைசர்களிடம் கொண்டுசேர்த்தாலே இந்தப் படிப்பு தன் கடமையைச் செய்துவிட்டது என்று நான் சொல்வேன்.

மாணவர்கள் பக்கம் திரும்பினால் வேறொரு வேதனை. இறுதியாண்டில் ஒவ்வொரு பொறியியல் மாணவரும் ஒரு ப்ராஜெக்ட் செய்தாக வேண்டும். ஒரு குழு, ஒரு காலக்கெடு, ஒரு வழிகாட்டி, முடிவில் ஒரு படைப்பு: திட்ட மேலாண்மையைக் கற்க இதைவிட நல்ல வாய்ப்பு வேறு ஏது? ஆனால், நம் நகரங்களின் பேருந்து நிலையங்களைச் சுற்றி ‘ப்ராஜெக்ட் சென்டர்’ பலகைகள் தொங்குகின்றன. பணம் கொடுத்தால் தலைப்பு, நிரல், அறிக்கை, வைவாவுக்கான பதில்கள் எல்லாமே கிடைக்கும். தன் கையால் நடத்த வேண்டிய ஒரே ப்ராஜெக்டை விலைக்கு வாங்கிய மாணவர், ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் சான்றிதழோடு வெளியே வருகிறார். அவரை நேர்காணல் செய்பவர் ‘நீங்கள் நடத்திய திட்டத்தில் எது தாமதமானது, என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டால் அவரிடம் சொல்ல எதுவும் இருக்காது. இது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் துரோகம். கல்லூரிகள் இந்தச் சான்றிதழ் படிப்பை இறுதியாண்டு ப்ராஜெக்டோடு கட்டிப்போடலாம். முதல் வாரம் போட்ட அட்டவணை, ஒவ்வொரு வாரமும் அது எப்படி மாறியது, ஏன் மாறியது என்ற பதிவு, யாரோடு மனத்தாங்கல் வந்தது, எப்படித் தீர்ந்தது. மதிப்பெண்ணில் பாதியை அந்தப் பதிவுக்குக் கொடுத்தால் கடையில் வாங்கிவருவது கடினமாகிவிடும்.

மனத்தாங்கலைச் சும்மா சேர்க்கவில்லை. 2021 ஜனவரியில் பி.எம்.பி. தேர்வை மாற்றியமைத்தபோது கேள்விகளில் 42 சதவீதத்தை மனிதர்களை நடத்துவதற்கென்றே ஒதுக்கினார்கள். தேர்வில் ஏறத்தாழ பாதி, முன்கூட்டியே எல்லாவற்றையும் வரையறுக்காமல் சிறு சிறு கட்டங்களாக முடித்துக் காட்டும் ‘அஜைல்’ முறையையும், முன்கூட்டியே வரையறுக்கும் பழைய முறையும் அதுவும் கலந்த முறையையும் பற்றியது. பழைய பெர்ட் கணக்கை மட்டும் சொல்லிக்கொடுத்துத் தேர்வுக்கு அனுப்பும் கல்லூரி, அரைகுறைத் தயாரிப்போடுதான் மாணவரை அனுப்புகிறது.

வேலையில் இருப்பவர்களுக்குக் கல்லூரியைத் திறப்பது நமக்குப் பழகாத காரியம் அல்ல. டிப்ளமோ முடித்து வேலை பார்ப்பவர்களுக்காக மாலை நேரப் பகுதிநேர பி.இ. வகுப்புகள் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் கோவைக் கல்லூரிகளிலும் நடந்திருக்கின்றன. ஷிப்ட் முடித்த கையோடு சீருடையிலேயே வகுப்புக்கு வந்து பட்டம் வாங்கியவர்கள் நம் ஆலைகளில் மேலாளர்களாக உயர்ந்திருக்கிறார்கள். ஆலையையும் வகுப்பறையையும் மாற்றி மாற்றி வைத்து ஐந்தாண்டுகளில் முடிக்கும் ‘சாண்ட்விச்’ பி.இ. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் பெருமைகளில் ஒன்று. அந்தப் பாரம்பரியத்தின் சிறு வடிவமாக, ஆறு மாதத்தில் முடியும் ஒரு சான்றிதழ் படிப்பை ஏன் நடத்தக் கூடாது?

நடத்துவதில் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சனிக்கிழமை மாலை வைக்கக் கூடாது. கட்டுமானத் தொழிலில் அது வாரக்கூலி பட்டுவாடா செய்யும் நேரம், சூப்பர்வைசரால் சைட்டை விட்டு நகர முடியாது. ஞாயிறு காலை சரிப்படும். பாடம் தமிழில் நடக்க வேண்டும். பி.எம்.பி. தேர்வு தமிழில் இல்லை. 230 நிமிடத்தில் 180 கேள்விகள், பலவும் ஒரு சூழலை நீளமாக விவரித்துவிட்டு ‘அடுத்து என்ன செய்வீர்கள்’ என்று கேட்பவை. ஒரு கேள்விக்கு எழுபத்தைந்து விநாடிக்குச் சற்றே அதிகம். ஆங்கிலத்தில் தடுமாறுகிறவருக்கு விடை தெரிந்தும் நேரம் போதாது. ஆகவே, கருத்தைத் தமிழில் விளக்கிவிட்டு, ஆங்கிலக் கேள்வியை வேகமாகப் படிக்கத் தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டும். தேர்வு எழுதாமல் படிப்போடு நிறுத்திக்கொள்கிறவருக்கும் பயன் இருக்க வேண்டும். தேர்வுக் கட்டணம் சம்பளத்தோடு ஒப்பிட்டால் பெருந்தொகை. எல்லோரும் கட்ட வேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது.

பாடம் எடுக்கப் பொதுப்பணித் துறையிலும் ரயில்வேயிலும் எல் அண்ட் டி போன்ற நிறுவனங்களிலும் வேலைகளை நடத்தி ஓய்வுபெற்றவர்கள் எல்லா மாவட்டத் தலைநகரங்களிலும் இருக்கிறார்கள். பேராசிரியர் ஒருவரும் அப்படி ஒருவரும் சேர்ந்து வகுப்பை நடத்தட்டும். வகுப்பில் பாதிப் பேர் வேலையில் இருப்பவர்கள், பாதிப் பேர் இறுதியாண்டு மாணவர்கள். இரண்டு மாணவர், இரண்டு சூப்பர்வைசர் என்று நான்கு பேர் ஒரு குழு. அந்த சூப்பர்வைசர் அப்போது நடத்திக்கொண்டிருக்கும் வேலைதான் அந்தக் குழுவின் பாடம். மாணவர் எக்செல்லில் அட்டவணை போடுவார். எத்தனை நாள் என்பதை சூப்பர்வைசர் சொல்வார். மாதம் ஒருமுறை சைட்டுக்குப் போய் அளந்து ஏர்ன்ட் வேல்யூ கணக்குப் போடுவார்கள். ஆறாம் மாதம் குழுவின் கையில் ஒரு முழுப் பதிவு இருக்கும். பி.எம்.பி. விண்ணப்பத்தில் எழுத வேண்டிய அனுபவ விவரத்துக்கு அதுவே மாதிரியாகும்.

பணத்துக்கு வழி இருக்கிறது. 2022 மார்ச் முதல் தேதி தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி அளித்துவருகிறது. அதே திட்டத்தின் கீழ் படிப்பை முடித்து வேலையில் இருக்கும் டிப்ளமோக்காரர்களுக்கு ஞாயிறு வகுப்பு ஒன்றை அரசு சேர்த்துக்கொள்ளலாம். சென்னையில் ஒன்று, கோவையில் ஒன்று, ஓசூரில் ஒன்று, திருச்சியில் ஒன்று என்று நான்கு அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரிகளில் வரும் ஜூலையில் தொடங்கலாம். ஒவ்வொன்றிலும் நாற்பது பேர். கட்டடம் இருக்கிறது, கரும்பலகை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வகுப்பறைகள் காலியாகத்தான் இருக்கின்றன. உயர்கல்வித் துறை ஓர் ஆணையும், சைட் எல்லை வரை வந்து சேர்க்கைப் படிவத்தைக் கொடுக்க ஓர் ஆளையும் அனுப்ப வேண்டும்.